நகலெடுப்பது படிப்பாகுமா?

(தர்மபுரியில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



எஞ்சினீரிங் படிப்புக்கும், பத்திரிகை, ரேடியோ, சினிமா முதலிய செய்தித் துறைப் படிப்புக்கும் போகிற பிள்ளைகள் அங்கு எதை எதிர்பார்க்கலாம், அப்படிப்பு அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இது பெரிய படிப்பாளிகள் பேச வேண்டிய விஷயமென்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்டை விற்றும், நிலத்தை அடமானம் வைத்தும், பெங்களூருக்குப் போய்ச் செங்கல் சுமந்தும் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் நீங்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் ஒரு கூடை தக்காளி வாங்கினால் அடியில் கையை விட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? நான்கு வருஷப் படிப்பை மாத்திரம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வாங்க வேண்டும்?

நமது ஜில்லா சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ல். 2011 ஜனக் கணக்குப்படி தமிழ்நாடு முழுவதற்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். நமது ஜில்லாவிலோ 68.54 பேர்தான். தமிழ்நாட்டு ஜில்லாக்களில் அதுவே கடைசி இடம். இப்படிப்பட்ட இடத்துக்கு 2013-ல்தான் செட்டிக்கரையில் சர்க்கார் எஞ்சினீரிங் காலேஜ் வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருகிறவனுக்குத் தொழிற்படிப்பில் படிப்புச் சம்பளச் சலுகை 2010-ல் வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு எஞ்சினீரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 100-க்கு 7.5 இடம் என்பது 2021-ல் வந்தது. ஆகவே கதவு திறந்துவிட்டது என்பது மெய். உள்ளே போன பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், அவன் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். அவன் செய்முறை நோட்டை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து. இரும்புக் கம்பியை இழுத்துப் பார்த்து, எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று புள்ளி வைத்து எழுதியிருந்தான். "இழுக்கிற மிஷின் எப்படியப்பா இருக்கும்?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "அது ரிப்பேருங்க ஐயா, போன வருஷத்து அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதினேன்" என்றான். அந்த அண்ணன் யாரைப் பார்த்து எழுதினான்? அவனுக்கு முந்திய அண்ணனைப் பார்த்து. அந்தக் கம்பியை மெய்யாகவே இழுத்துப் பார்த்தவன் யாரோ, எந்த வருஷமோ!

வேறொரு இடத்தில் செய்தித் துறை படிக்கிற ஒரு பெண் சொன்னாள்: கேமரா இருக்கிறதாம், பீரோவில் பூட்டியிருக்கிறதாம், மேலதிகாரிகள் பார்வையிட வருகிற அன்று மாத்திரம் உற்சவ மூர்த்தியைப் போல வெளியே வருமாம்.

தோழர்களே! அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லித் தட்சணை வாங்குகிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அளக்காத கணக்கை எழுதி மார்க் வாங்குகிறவன் செய்வது மாத்திரம் என்ன? இது சின்ன விஷயமும் அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த காலேஜுகளுக்கு 2021-ல் செய்த விதிப்படி, செய்முறைப் பாடத்தில் 100-க்கு 60 மார்க்கும், எழுத்துப் பாடத்தில் 40 மார்க்கும் கடைசிப் பரீட்சைக்கு முன்பே, வகுப்பு வேலையைப் பார்த்துக் காலேஜிலேயே போடப்படுகின்றன. பிள்ளை தினந்தோறும் கையால் செய்து பழகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அந்த 60-ம் நகலுக்கே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? கடைசி வருஷத்தில் சொந்தமாகச் செய்ய வேண்டிய காரியத்தையும் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். 2022 கடைசியில் சாட் ஜி.பி.டி. என்னும் யந்திரமும் வந்துவிட்டது. கேட்டதை நொடியில் எழுதிக் கொடுக்கிறது. முன்னே அண்ணன் நோட்டைத் தேடவாவது அலைய வேண்டியிருந்தது.

நான் யந்திரத்துக்கு விரோதியல்ல. அது எழுதிக் கொடுத்ததில் எது சரி, எது தப்பு என்று சொல்லத் தெரிந்தவன் அதை வேலை வாங்குவான். தெரியாதவனை அது வேலையிலிருந்தே அனுப்பிவிடும்.

இந்த நிலைக்குப் பிள்ளைகளை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. கை அழுக்காகாதவன் மேல், கை அழுக்கானவன் கீழ் என்று இந்நாட்டில் வெகுகாலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் கொல்லனுடைய மகனும், கொத்தனுடைய மகனும்கூட, படித்துவிட்டால் கருவியைத் தொட வேண்டியதில்லை என்று எண்ணுகிறார்கள். ஆயுத பூஜையன்று மிஷினுக்குச் சந்தனமும் பொட்டும் வைக்கிறோம். மற்ற நாட்களில் அது எத்தனை நாள் சுற்றிற்று என்று யாராவது கேட்டோமா?

அடுத்த காரணம் பாஷை. தமிழில் படித்து வந்த பிள்ளை, வகுப்பில் இங்கிலீஷில் சந்தேகம் கேட்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளுகிறான். புரியாததை எழுத நகலைத் தவிர வேறு வழி அவனுக்கு ஏது? அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிகல் படிப்புகளைத் தமிழில் தொடங்கிக் காட்டியது. பரீட்சை எந்தப் பாஷையில் இருந்தாலும் சந்தேகத்தைத் தமிழில் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை.

மற்ற இடங்களில் எப்படி என்று பாருங்கள். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908-ல் பத்திரிகைப் படிப்பு தொடங்கியபோது, வகுப்பு ஆரம்பித்த முதல் நாளே மாணவர்கள் ஒரு பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார்கள். தப்பாக எழுதினால் ஊரார் மறுநாளே கேட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய பரீட்சை ஏது? 1861-ல் ஏற்பட்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முத்திரையில் சம்மட்டி பிடித்த தொழிலாளியும், புத்தகம் பிடித்த படிப்பாளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அதில் எழுதியிருப்பது "மனமும் கையும்" என்பதே. அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் காலேஜ் வளாகத்துக்குள்ளேயே சமுதாய ரேடியோ ஒன்றை நிறுவியது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

நமது ஜில்லாவில் செய்து படிக்க வேலைக்கா பஞ்சம்? நமது நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு என்னும் உப்பு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குடிப்பதற்கு ஆகாது. வருஷக் கணக்கில் குடித்தால் பல் கறுத்து, எலும்பு கோணிப்போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? எஞ்சினீரிங் பையன் பத்துக் கிணற்றுத் தண்ணீரை எடுத்து அளந்து எழுதட்டும். செய்தித் துறைப் பெண் அந்தப் பத்து ஊருக்கும் போய்க் கேட்டு, படம் பிடித்து எழுதட்டும். அதை எந்த அண்ணன் நோட்டிலிருந்தும் காப்பியடிக்க முடியாது.

அரூர் பக்கத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக் காட்டிலாகா, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் அந்த மலைவாசி மக்கள் ஊரில் புகுந்து செய்த கொடுமைகளுக்கு, 19 வருஷம் கழித்து 2011-ல் இதே தர்மபுரிக் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. "செய்தி என்றால் என்ன?" என்ற கேள்விக்கு நான்கு வரி உருப்போடுவதைவிட, அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, ஏழை சொல்வதை நிஜமென்று நிலைநாட்ட ஏன் இத்தனை வருஷம் பிடித்தது என்று ஒரு மாணவன் விசாரித்து எழுதுவதே படிப்பாகும்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளை ஊருக்கு வந்தால் "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த மாதம் உன் கையால் என்ன செய்தாய்? மிஷின் ஓடுகிறதா? ஆசிரியர் இருக்கிறாரா? மார்க் குறைந்ததற்குக் காரணம் சொன்னார்களா?" என்று கேளுங்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள்கூட இதைக் கேட்கலாம். பதில் திருப்தியில்லையானால் நாலு பெற்றோர் சேர்ந்து காலேஜுக்கே போய் மரியாதையாகக் கேளுங்கள்.

மாணவத் தோழர்களே! ஓடும் மிஷினும், சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரும் உங்களுக்கு யாரோ போடும் பிச்சையல்ல. தைரியமாகக் கேளுங்கள். ஆனால் அதைக் கேட்கிறவனுடைய நோட்டு சொந்த நோட்டாக இருக்க வேண்டும். ரிப்பேரான மிஷினுக்கு நேரே "அளக்கவில்லை, மிஷின் ரிப்பேர்" என்று வகுப்பிலுள்ள எல்லோரும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். இரண்டு மார்க் போகலாம். மிஷின் ரிப்பேர் என்பதை அதற்குமேல் யாரும் மூடி மறைக்க முடியாது.

இவைகளை உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.