குழந்தைக்கு வாங்கும் கட்டைகள்

எம்.கே.பி. நகரில் எங்கள் எதிர் வீட்டுக் குழந்தைக்குச் சில மாதங்களுக்கு முன் மூன்றாவது பிறந்த நாள் வந்தது. தாய்மாமன் பெரிய பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொணர்ந்தார். உள்ளே நூறு பிளாஸ்டிக் துண்டுகள். மேலே ஒரு கோட்டையின் படம். அக்கோட்டையைக் குழந்தையின் தகப்பனார் இரவு பத்து மணி வரையில் உட்கார்ந்து கட்டி முடித்தார். மறுநாள் அது கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்டது. குழந்தை வெறும் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடியது.

இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. துணி வாங்கும்போது முழம் போட்டுப் பார்க்கிறோம். கட்டை வாங்கும்போது படத்தைப் பார்க்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது பருமன். சிறு குழந்தை எதையும் வாயிலிட்டே அறியும். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழல் ஒன்றை வைத்து விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்பார்கள். அதற்குள் முழுவதும் அடங்கும் துண்டு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு.

அந்த வீட்டாருக்காக ஒரு தச்சரிடம் சென்றேன். கட்டை ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம், 3.5 கனம் இருக்க வேண்டும்; அதில் சரிபாதியாகச் சில, இரட்டை நீளத்தில் சில வேண்டும் என்றேன்.

"எதற்கம்மா இவ்வளவு கணக்கு? குழந்தை விளையாடுகிற கட்டைதானே?" என்றார் அவர்.

கணக்குத்தான் இதில் உயிர். 1837-இல் ஜெர்மனியில் குழந்தைப் பள்ளி தொடங்கிய ஃபிரோபெல், எட்டுச் சிறு கனசதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய கனசதுரமாகும்படி அமைத்தார். 1939-இல் நம் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கோபுரத்தில் பத்துக் கட்டைகள். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பத்து வரையில் வளரும். நான் தச்சரிடம் சொன்ன அளவு, நியூயார்க்கில் காரோலின் பிராட் என்ற ஆசிரியை வகுத்த முறையைத் தழுவியது. அரைக் கட்டை இரண்டு வைத்தால் முழுக் கட்டையாகும் என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுகொள்ளும். அளவு பிசகினால் மேல்தளம் ஆடும். தன் கைதான் தவறு செய்தது என்று குழந்தை எண்ணிவிடும். எனக்குப் பொறுக்காதது அதுவே.

தச்சருக்கு ஃபிரோபெலைச் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சாலைகளில் போகும் கன்டெய்னர்களைச் சொன்னேன். இருபதடிப் பெட்டிகள் இரண்டை அடுத்தடுத்து வைத்து, நாற்பதடிப் பெட்டியை மேலே ஏற்றினால் முனையோடு முனை பொருந்துகிறதல்லவா? அவர் சிரித்துக்கொண்டே மட்டத்தைக் கையில் எடுத்தார்.

மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துறைமுகம் அருகிலிருப்பதால் பழைய பேலட் பலகைகள் இங்கே எளிதில் கிடைக்கும். அவற்றில் 'எம்.பி.' என்ற முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகையிட்டது என்று பொருள், தொடவே வேண்டாம். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பமூட்டியது. ஆயினும் அதன்மேல் என்னென்ன சிந்திற்றோ, யார் அறிவார்? கதவு, சன்னல் செய்து மிஞ்சிய தேக்குத் துண்டு போதும். விளிம்புகளை மழுக்கி உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் வேண்டாம், அதில் ஈயம் இருக்கக்கூடும். நிறம் வேண்டுவோர், சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் செய்து அரக்கு ஏற்றும் பொருள்களைத் தேடலாம்.

ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளை நான் வெறுக்கவில்லை. சற்று வளர்ந்த பிள்ளைக்கு அவை நல்லவை. ஆனால் கவ்வாத கட்டை சரியும். சரியும்போதுதான் அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும் என்பது தெரியவரும். வீட்டில் இடம் சிறிது என்பவர்க்கு நாற்பது கட்டைகளே போதும், அரைக் கட்டைகள் மிகுதியாக இருக்கட்டும். அத்தனையும் கட்டிலுக்கடியில் ஒரு கூடையில் அடங்கும்.

கட்டைகள் வந்த மூன்றாம் நாள் எதிர் வீட்டுக்குப் போனேன். குழந்தை இரண்டு அரைக் கட்டைகளை ஒட்டி வைத்து, மேலே ஒரு முழுக் கட்டையை ஏற்றி, "லாரி வருது, தள்ளிக்கோ" என்றது. தகப்பனார் உதவப் போனார். அவரையும் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டது.