ஆற்றை மறைத்த பாலம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிவில் படிச்சவரு நீங்க, ஏதாவது ஒரு பாலத்தைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். பேசுகிறேன். ஆனால் முதலில் பேசப்போவது இடித்த பாலத்தைப் பற்றி. வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நான்கு வழிப் பாலத்தை ஓர் ஊர் தானாகவே முடிவெடுத்து இடித்தது. அதன் பிறகுதான் அந்த ஊருக்கு முழு உயிர் வந்தது.

அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலத்தில் இருக்கிறது கிரீன்வில். வேலை நிமித்தமாக மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். 2020 கணக்கெடுப்பில் நகர எல்லைக்குள் மக்கள் தொகை 70,720. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி, அவ்வளவுதான். ஊர் நடுவே ரீடி என்ற சிற்றாறு, பாறைகளில் அருவியாக விழுந்து ஓடுகிறது. அந்த அருவியை நம்பித்தான் ஊரே பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பியரிஸ் என்பவர் அதன் வேகத்தில் மாவு ஆலை ஓட்டினார். நூறு ஆண்டு கழித்துப் பஞ்சாலைகள் வந்தன. 'உலகின் ஜவுளித் தலைநகரம்' என்று பெருமையாகப் போட்டுக்கொண்ட ஊர் அது.

திருப்பூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயக்கழிவு முழுக்க ஆற்றுக்கு வந்தது. ஆலையில் அன்றைக்கு என்ன சாயமோ, ஆறு அந்த நிறத்தில் ஓடும் என்று அங்கே பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நாறுகிற ஆற்றை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஊர் வாசலாக இருந்த ஆறு கொல்லைப்புறம் ஆகிவிட்டது. 1960-இல் அருவிக்கு நேர் மேலேயே கேம்பர்டவுன் பாலத்தைக் கட்டினார்கள். போக்குவரத்துக் கணக்கு சரி, அருவிதான் கண்ணிலிருந்து மறைந்தது. ஊருக்குள் ஓர் அருவி இருப்பதே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. இதற்கிடையில் கடைகளெல்லாம் ஊருக்கு வெளியே புதிய வணிக வளாகங்களுக்குப் போக, மெயின் ஸ்ட்ரீட் வெறிச்சோடியது.

இந்த நிலைமை மாறியது ஒரே நாளில் இல்லை, ஒரே திட்டத்தாலும் இல்லை. முதல் அடியை எடுத்து வைத்தது எஞ்சினியர்களும் இல்லீங்க. 1967-இல் கரோலினா ஃபுட்ஹில்ஸ் கார்டன் கிளப் என்ற தோட்டக் கழகத்துப் பெண்கள், நகராட்சியும் ஃபர்மன் பல்கலைக்கழகமும் துணை நிற்க, அருவியைச் சுற்றி 26 ஏக்கரை மீட்டெடுக்கக் கிளம்பினார்கள். குப்பையும் புதருமாகக் கிடந்த இடம். தலைக்கு மேலே வண்டி ஓட, கீழே அவர்கள் செடி வைத்தார்கள்.

அடுத்தவர் மேக்ஸ் ஹெல்லர். வியன்னாவில் பிறந்த யூதர். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி கிரீன்வில்லுக்கு வந்து, ஒரு சட்டைக் கம்பெனியில் தரை கூட்டும் வேலையில் சேர்ந்தார். பத்தே வருடத்தில் சொந்தமாகச் சட்டைத் தொழிற்சாலை தொடங்கினார். 1971-இல் மேயரானார். ஐரோப்பிய வீதிகளில் மரநிழலில் நடந்து வளர்ந்த மனிதர் அல்லவா? நில வடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரினை வைத்து, நான்கு வழியாக இருந்த மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டு வழியாகக் குறுக்கினார். மிச்ச இடத்தில் அகலமான நடைபாதையும் மரங்களும் வந்தன. சாலையை அகலப்படுத்தினால்தான் முன்னேற்றம் என்று படித்தவர்கள் நாம். அவர்கள் குறுக்கினார்கள், கூட்டம் திரும்பி வந்தது. 1982-இல் வீதியின் ஒரு முனையில் பெரிய ஹோட்டல், 1990-இல் ஆற்றங்கரை முனையில் பீஸ் சென்டர் என்ற கலையரங்கம். இரண்டு முனையிலும் ஆளை இழுக்க ஒன்று இருந்தால் நடுவே மக்கள் நடப்பார்கள். நடக்கிறவர்கள் கடைக்குள் நுழைவார்கள். சூத்திரம் இவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது அருவி. 1995-இல் மேயரான நாக்ஸ் ஒயிட், பாலத்தை எடுத்துவிடலாம் என்றார். ஓடுகிற பாலத்தை இடிப்பதா என்று எதிர்ப்பு. வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்களுக்குப் பயம். பேசிப் பேசியே வருடங்கள் ஓடி, 2002-இல் பாலம் இறங்கியது. 42 வருடத்துக்குப் பிறகு அருவி வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த இடத்தில் 2004-இல் திறந்ததுதான் லிபர்ட்டி பாலம். நடப்பவர்களுக்கு மட்டும். நீளம் சுமார் 350 அடி, அகலம் 12 அடி. வடிவமைத்தவர் மிகேல் ரோசாலஸ். கட்டமைப்புக் கணக்கு ஜெர்மனியின் ஷ்லைஷ் பெர்கர்மன் நிறுவனத்தாருடையது. சிவில் தம்பிகள் கொஞ்சம் கவனிங்க: இந்தத் தொங்கு பாலத்துக்குக் கேபிள் ஒரு பக்கம் மட்டும்தான். அருவி இருக்கும் பக்கம் கண்ணை மறைக்க ஒரு கம்பிகூட வேண்டாம் என்று முடிவு. ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்துத் தூக்கினால் தளம் மறுபக்கம் சாயும், டார்ஷன் வரும். அதற்காகவே தளத்தை வளைவாக அமைத்தார்கள். மேலே வளைந்த கான்கிரீட் தளம் அழுத்தத்தையும், கீழே அதே வளைவில் ஓடும் கேபிள் இழுவிசையையும் ஏற்க, இரண்டும் சேர்ந்து முறுக்கத்தைச் சமன் செய்கின்றன. பார்க்க அழகாகத் தெரியும் வளைவு, உண்மையில் சுமை தாங்கும் வளைவு. பாலத்துக்குச் சுமார் 45 லட்சம் டாலர், பூங்கா முழுவதற்கும் சுமார் 130 லட்சம் டாலர். விடுதி, உணவகங்களிலிருந்து வரும் வரியைத்தான் இதற்குப் பெரிதும் பயன்படுத்தினார்கள். கூட்டம் வந்தால் வரி வரும், வரி வந்தால் பூங்கா நிற்கும்.

இதோடு முடித்தால் பாதிக் கதைதான் சொன்னவன் ஆவேன். ஆற்றங்கரை அழகானால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் அங்கேயே பிறந்து வளர்ந்த ஏழைக்கு இடம் இருக்காது. கிரீன்வில்லிலும் அதுதான் நடந்தது. நகர மக்கள் தொகை கூடக்கூட, அதில் கறுப்பின மக்களின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. என்னோடு வேலை பார்த்த மூத்த வரைவாளர் ஒருவர் ஆற்றின் மேல்பக்கத்துத் தெருவில் பிறந்தவர். அருவியைப் பார்க்க வாருங்கள் என்று ஊரையெல்லாம் கூப்பிடுகிறார்கள், என் பிள்ளைகளால் இந்த ஊரில் வீடு எடுக்க முடியவில்லை என்று ஒருநாள் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அவர் சொன்ன பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920-களில் கறுப்பின மக்களுக்கென்று அங்கே மேபெர்ரி பார்க் அமைத்தார்கள். 1938-இல் அதில் பாதியை எடுத்து வெள்ளையருக்கான பேஸ்பால் மைதானம் கட்டினார்கள். அதே நிலத்தையும் சேர்த்து 2022-இல் 60 ஏக்கரில் யூனிட்டி பார்க் திறக்கப்பட்டது. இந்த முறை, குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்கென்று சுற்றியுள்ள நகராட்சி நிலத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கினார்கள். அருவிப் பூங்கா கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் முதல் பூங்காவின்போதே இதைச் செய்திருந்தால், எத்தனையோ குடும்பங்கள் அந்த ஊரிலேயே இருந்திருக்கும்.

தம்பி தங்கைகளே, நம் ஊர்களில் ஆறு இல்லாத ஊர் எத்தனை? படித்துறைக்குப் போகும் சந்தில் குப்பைத் தொட்டி. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கட்டிடங்கள். நாளைக்கு நீங்கள் ஒரு நகராட்சியிலோ, ஆலோசனை நிறுவனத்திலோ உட்கார்ந்து வரைபடத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். ஆற்றங்கரைத் திட்டம் ஒன்று மேஜைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சாக்கடை ஆற்றில் கலப்பதை முதலில் நிறுத்தினோமா? புதிதாகக் கட்டுவதற்கு முன்னால் எடுக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? வேலை முடிந்த பிறகு, இன்றைக்கு அந்தக் கரையில் குடியிருப்பவர் அங்கேயே குடியிருப்பாரா? முதல் இரண்டுக்கும் நம் பாடப்புத்தகத்தில் ஓரளவு பதில் உண்டு. மூன்றாவதற்கு இல்லை. அதனால்தான் அதை எஞ்சினியரே கேட்க வேண்டும் என்கிறேன். வரைபடம் முதலில் வருவது நம் கைக்குத்தானே?