விளைச்சல் கூடியது எருவாலா, மண்ணாலா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன் வசூல் பற்றிப் பேசப் போவதில்லை, பயப்படாதீங்க. வயலில் நாம் செய்து பார்க்கும் சோதனைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறோம்.

மணிகண்டம் பக்கம் ஒரு குழுவினர் குத்தகை வயலில் மண்புழு உரம் போட்டுப் பார்த்தார்கள். பாதி வயலுக்கு உரம், பாதிக்கு இல்லை. எந்தப் பாதிக்குப் போட்டார்கள்? பாதை ஓரம் இருக்கிற மடைப் பக்கத்துக்கு. கூடை சுமக்கிறவர்களுக்கு அதுதானே கிட்டம்! அறுவடையில் அந்தப் பாதி அமோகமாக வந்தது. நாங்களும் கைதட்டினோம். அதை நம்பி உரத்தொட்டி கட்டக் கடன் வாங்கினார்கள். அடுத்த சம்பாவில் வயல் முழுக்கப் போட்டும் கடைப் பக்கம் பழையபடியே கிடந்தது. தவணை மட்டும் மாசாமாசம் வந்தது. அந்தக் குழுவில் ஒரு அக்கா கேட்டார்: "நீங்க படிச்சவங்கதானே, அந்தப் பக்கம் களர்னு தெரியாதா?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

மடைப் பக்கம் வண்டல் படிந்த மண். உரம் போடாவிட்டாலும் அங்கே கூடத்தான் விளைந்திருக்கும். மண் கொடுத்ததை உரத்தின் கணக்கில் எழுதிவிட்டோம்.

நாவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கிய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியே களர் நிலத்தில்தான் இருக்கிறது. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் அங்கே உருவானவை. களர் திட்டுத் திட்டாக இருக்கும். நாலு எட்டு வைத்தால் பயிரே வேற மாதிரி. ஸ்ரீரங்கம் சகோதரிகள் "எங்க மண்ணு தங்கம்"னு சிரிக்கிறீங்க. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஆறு கொண்டுவந்து போட்ட மண் அது. ஒரு தோட்டத்துக்குள்ளேயே ஒரு மூலை மணல், ஒரு மூலை வண்டல். வாழைத்தாரைத் தூக்கிப் பார்த்தாலே தெரியுமே!

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் ஒரு ஏக்கர் கோதுமையை 500 துண்டாகப் பிரித்துத் தனித்தனியாக அறுத்து எடை போட்டார்கள். கணக்கு 1911-ல் வெளியானது. எல்லாத் துண்டுக்கும் ஒரே விதை, ஒரே கவனிப்பு. ஆனாலும் ஒரு துண்டில் 2.73 பவுண்டு, இன்னொன்றில் 5.16 பவுண்டு! அதே பண்ணைக்கு 1919-ல் வேலைக்கு வந்த ஃபிஷர் என்ற கணக்கு நிபுணர் இதற்கு வழி சொன்னார். நம்ம சீட்டு குலுக்கல்தான் அது.

மடையிலிருந்து கடை வரை வயலை நாலு பட்டையாகப் பிரியுங்கள். ஒரு பட்டைக்குள் மண் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையையும் இரண்டு துண்டாக்குங்கள். எதற்கு உரம் என்பதைச் சீட்டு போட்டு எடுங்கள். கைக்குக் கிட்டம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. துண்டுகளுக்கு நடுவே வரப்பு வேண்டும், இல்லையென்றால் உரத் தண்ணீர் பக்கத்துக்குப் போய்விடும். ஓர வரிசையை விட்டுவிட்டு, துண்டு துண்டாக அறுத்து எடை போட வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. உரம் போட்டது, போடாதது: முதல் பட்டையில் 30, 28 கிலோ. இரண்டாவதில் 27, 25. மூன்றாவதில் 22, 21. கடைசியில் 17, 15. பட்டைக்குள் மட்டும் கழித்துப் பாருங்கள்: 2, 2, 1, 2. மடைக்கும் கடைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தக் கழித்தலில் தானாகவே விலகிவிடுகிறது. நாங்கள் முன்பு செய்த மாதிரி மேல் இரண்டு பட்டைக்கு மட்டும் உரம் போட்டிருந்தால் 57-க்கு 36. 21 கிலோ லாபம்னு குதித்திருப்போம். அதில் உரத்தின் பங்கு 4 கிலோ வாக்கில்தான்.

நாலு பட்டையிலும் ஒரே பக்கம் கூடினால் அடுத்த போகமும் செய்து பார்க்கலாம். ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தால் கடன் மனு எழுத வேண்டாம். உரம் போடுவதற்கு முந்தைய போகத்தில் துண்டுவாரியாக எடை எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. எந்தத் துண்டு முதலிலிருந்தே வளமானது என்று தெரிந்து, அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்தலாம்.

வருகிற சம்பாவில் அந்த மணிகண்டம் குழுவே இப்படிச் செய்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சீட்டு எழுதியாகிவிட்டது. தராசு நாங்கள் கொண்டு வருகிறோம். எடை எழுதும் நோட்டு கேள்வி கேட்ட அந்த அக்கா கையில்தான் இருக்கும்.