1952 தேர்தலும் பண்ணையாளின் வாக்கும்



1946 தேர்தல் வரை வாக்குரிமை சொத்தையும் வரியையும் கல்வியையும் பொறுத்திருந்தது. வரப்பில் நின்ற மிராசுதாருக்கு வாக்கு உண்டு. சேற்றில் நின்ற பண்ணையாளுக்கு இல்லை. 1952 சட்டமன்றத் தேர்தலில்தான் நம் சேரிகளின் ஆணும் பெண்ணும் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். எழுத்தறியாதோர் பொருட்டு வேட்பாளருக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு சின்னம். இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் பொது இடத்திற்கும் தனி இடத்திற்கும் எல்லோரும் வாக்களித்தனர். ஆதலின் மிராசுதாரும் சேரிக்கு வந்து கைகூப்ப வேண்டியதாயிற்று. (இம்முறை 1961இல் ஒழிக்கப்பட்டது.)

மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்கு 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நில்லாத இராஜாஜி, மேலவை நியமனம் பெற்று ஏப்ரலில் முதலமைச்சரானார். அம்முறை சரியா என்பது வேறு வழக்கு. கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்றவர் அவர். எனினும் ஆகஸ்டிலேயே அவருடைய அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. சேரியின் வாக்கைக் கண்டபின் வந்த சட்டம் அது என்பதே என் கருத்து.

குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரு பங்கு உறுதியாயிற்று. மிராசுதாரரோ பண்ணையாட்கள் பலரைத் தினக்கூலிகளாக்கிச் சட்டத்திற்கு வெளியே நிறுத்தினர். நீக்கப்பட்டவர் சமரச அதிகாரியிடம் முறையிடலாம். ஆனால் அம்மனுவை எழுத எழுத்தறிந்தவர் எத்தனை சேரிகளில் இருந்தார்?