வளைந்ததா, விலகியதா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பமா ஏதாவது பேசுங்க, ஆனா யாருக்கும் தூக்கம் வராம பேசுங்க" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆகவே உங்களில் பலர் வைத்திருக்கும், இன்னும் பலர் வாங்க நினைக்கும் பொருளையே எடுத்துக்கொண்டேன்: செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள். அதிலும் ஒரே ஒரு நோய். வண்டி நேராகப் போகும், ஹேண்டில்பார் மட்டும் ஒரு பக்கம் திரும்பி நிற்கும்.

விற்கிறவர் என்ன சொல்வார்? "ஸ்டாண்டு போட்டிருந்தப்ப விழுந்துடுச்சு சார், சின்ன விஷயம்." சில நேரம் அது உண்மை. சில நேரம் அந்த வண்டி எதிலாவது நேராகப் போய் மோதியிருக்கும். வெளியே தெரியும் அடையாளம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் போவது பணம் மட்டுமல்ல.

சற்று உள்ளே பார்ப்போம். நீரியல் தணிப்புள்ள டெலிஸ்கோப்பிக் ஃபோர்க் 1935-ல் பி.எம்.டபிள்யூ. ஆர்12 வண்டியில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் தெருவில் ஓடும் சாதாரண வண்டிகளிலும் அடிப்படை அமைப்பு அதுவே. இரண்டு குழாய்களையும் மேலே ஒரு பாலம், கீழே ஒரு கவ்வி பிடித்திருக்கின்றன. அடியில் ஆக்ஸில் இணைக்கிறது. கீழ்க்கவ்வியில் குழாயைப் பிடித்திருப்பது போல்ட்டின் இறுக்கம் தரும் உராய்வுதான். சக்கரம் பக்கவாட்டில் அடி வாங்கினால், குழாய் வளைவதற்கு முன்பே கவ்விக்குள் வழுக்கிவிடலாம். இது விலகல். அரை மணி நேர வேலை. அடி இன்னும் பலமாக இருந்தால் குழாயோ, கீழ்க்கவ்வியோ, ஃபிரேமின் கழுத்தோ வளையும். அது வேறு கதை.

எப்படிப் பிரித்தறிவது? முதலில் ஹேண்டில்பாரையே பாருங்கள். கம்பி வளைந்திருக்கலாம், அடியிலுள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கலாம். அடுத்து டேங்குக்கு அடியில், கழுத்துப் பகுதியில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, தகடு சுருங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று பிடித்தால் கோன் செட் போயிருக்கிறது.

பிறகு ஒரு கண்ணாடித் துண்டு. உள்ளங்கை அகலம், நல்ல தடிமன், தட்டையாக இருந்தால் போதும். கீழ்க்கவ்விக்குக் கீழே இரண்டு குழாய்களின் மேலும் படும்படி வைத்து அழுத்துங்கள். ரப்பர் உறை இருந்தால் நகர்த்திவிட்டு வையுங்கள். நான்கு மூலையும் பதிந்தால் குழாய்கள் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆடினால் இல்லை. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும், நான்காவது புள்ளி பொய்யைக் காட்டிக்கொடுக்கும். முதலாண்டு வடிவியல்தான்!

விலகல்தான் என்றால் வேலை இப்படி. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள்; சக்கரம் தரையை லேசாகத் தொட்டால் போதும். ஆக்ஸில் நட், மட்கார்டு போல்ட், கீழ்க்கவ்வி போல்ட், மேல் போல்ட், நடுத்தண்டின் நட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கழற்றக் கூடாது. முன்னால் நின்று சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை நேராகத் திருப்புங்கள். கண்ணாடியை மறுபடி வையுங்கள். பதிந்ததும் கீழ்க்கவ்வி, நடு நட், மேல் போல்ட் என்று முறுக்குங்கள். வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கினால் கால்கள் தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்ளும். அதன்பிறகே ஆக்ஸிலும் மட்கார்டும். முறுக்கின் அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், அதன்படி டார்க் ரெஞ்சால்தான்.

தளர்த்திய பிறகும் கண்ணாடி ஆடினால் குழாயைக் கழற்றி 'வி' பிளாக்கில் உருட்டி, டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். முள் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் உண்மையான கோணல். பல புத்தகங்களில் எல்லை 0.2 மி.மீ. அதைத் தாண்டினால் புதுக் குழாய் போடுவதே நியாயம். நெருப்புக் காட்டி பெண்டு எடுப்பது கூடவே கூடாது. குழாய் நேராகத் தெரியும், உள்ளே பலம் போயிருக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் இரண்டு வண்டிகளைக் காட்டினார். இரண்டிலும் ஹேண்டில் இடப்பக்கம். மங்கிப்போன வண்டி அரை மணியில் நேரானது. பளபளவென்று இருந்ததில் கண்ணாடி ஆடியது, டேங்குக்கு அடியில் பெயிண்ட் வெடித்திருந்தது. அதற்குத்தான் அவர் 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். "அண்ணே, வீட்ல கஷ்டப்பட்டு அனுப்பின காசு, போயிடுமே" என்றார். "காசு போனா சம்பாதிச்சுக்கலாம் தம்பி. இந்தக் கழுத்து 60 கிலோமீட்டர் வேகத்துல விட்டுதுன்னா என்ன செய்வே?" என்றேன். முன்பணம் திரும்ப வரவில்லை. அவர் மங்கிய வண்டியைத்தான் எடுத்தார். இன்றும் அதில்தான் வேலைக்கு வருகிறார்.

தம்பி தங்கைகளே, 'வி' பிளாக்கும் டயல் கேஜும் நம் ஒர்க்‌ஷாப்பில் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதற்காக மட்டும் இல்லை. அடுத்த முறை லேபுக்குப் போகும்போது கையில் எடுத்துப் பாருங்கள். வண்டி வாங்கப் போகும்போது கண்ணாடித் துண்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். விற்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.