கொலைகாரியும் பேயும்



ஒரு பக்கம் வைப்பாறு, மறுபக்கம் அர்ச்சுனா நதி, நடுவில் இருக்கன்குடி மாரியம்மன். ஆடி கடைசி வெள்ளியில் இந்த மணலில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஒருத்தி அக்கினிச்சட்டி எடுத்து வருவாள், ஒருத்தி மாவிளக்கு ஏந்தி வருவாள். என்ன தப்புக்கு இந்த நேர்த்திக்கடன் என்று பக்கத்தில் நிற்பவள் கேட்க மாட்டாள். இரண்டு பெண்களின் கதையை அவிழ்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை. ஒருத்தி கொலைகாரி. மற்றொருத்தி பேய்.

முதலில் கொலைகாரி. பெயர் பத்திரை, செல்வ வணிகனின் மகள். கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்ட கள்வனைப் பார்த்தாள், மனத்தைப் பறிகொடுத்தாள், அவனையே மணந்தாள். பிறகு ஒருநாள் ஊடலில், நீ கள்வன்தானே என்று விளையாட்டாய் ஒரு சொல். திரி எவ்வளவு சிறியது என்று சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போனான், கொல்லப் போவதாகச் சொன்னான். சாகுமுன் உன்னை மூன்று முறை வலம் வருகிறேன் என்றாள் அவள். வலம் வந்தாள். மூன்றாம் சுற்றில் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

அந்த மலையுச்சி இங்குள்ள மூத்தவர்களுக்குப் பழக்கமானதுதான். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி', கலைஞர் வசனம். அதன் வேர் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி.

தற்காப்புதானே, இதில் என்ன பாவம் என்று இன்றைய வழக்கறிஞர் கேட்கலாம். பத்திரை வழக்கறிஞரிடம் போகவில்லை. துறவியானாள். ஊர் ஊராக நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வருபவர் வரலாம் என்று நின்றாள். கடைசியில் பௌத்தத்துக்கு வந்து சேர்ந்தாள். பௌத்தப் பிக்குணிகளின் பாலிப் பாடல் தொகுப்பான தேரிகாதையில் அவள் பெயரில் ஐந்து பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் கொலையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை! குற்றமற்றதைக் குற்றமென்றும், குற்றத்தைக் குற்றமற்றதென்றும் கண்ட பழைய மயக்கத்தைத்தான் சொல்கிறாள். அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் என்று ஐம்பது ஆண்டு நடந்து, கடன் படாமல் பிச்சையுண்டதாகக் கணக்கு ஒப்பிக்கிறாள். மலையுச்சியை நமக்குச் சொன்னவர்கள் பின்னால் வந்த உரைகாரர்கள்.

இனி பேய். பாஞ்சால நாட்டில் காளிக்குப் பலியிட விலங்குகளைக் கொண்டு வருகிறார்கள். முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் மறிக்கிறார்: மண்ணால் உருவம் செய்து வையுங்கள், அது போதும். காளிக்குக் கோபம். முனிவரை விரட்டத் தெற்கிலிருந்து பழையனூர்ப் பேய் நீலி வருகிறாள். பயமுறுத்திப் பார்த்தாள், நடக்கவில்லை. அழகியாய் வந்து நின்றாள், முனிவர் அசையவில்லை. உண்மையைச் சொல்லிப் பணிந்தாள். கைம்மாறு என்ன என்று அவள் கேட்டபோது, கொல்லாமையை ஊரெங்கும் சொல் என்றார். ரத்தம் கேட்டவளுக்கு அந்த வேலை! ஆசிரியர் பெயர் தெரியாத நீலகேசிக் காப்பியம் இப்படித் தொடங்குகிறது.

மண்ணுருவத்துக்கும் கிடாவுக்கும் நடந்த அந்த வழக்கு நம் காலத்திலும் முடிந்தபாடில்லை. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950இல் போட்ட சட்டத்தை 2003இல் தூசி தட்டி எடுத்தார்கள். கிராமங்கள் முணுமுணுத்தன. 2004இல் சட்டமே போய்விட்டது. ஊர்க்காரர்கள் தாங்களாக மண்ணுருவத்துக்கு மாற வேண்டும் என்று முனிச்சந்திரர் பேசிப் பார்த்தார். அரசாணையைவிட அது மேலான வழி என்றே படுகிறது.

ஊர்வாயில் மட்டும் நீலிக்கு விடுதலை கிடைக்கவில்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூரில் அவள் முன்பிறப்புக் கணவனைப் பழிவாங்கியதும், அவனுக்குத் தந்த வாக்குத் தவறாத எழுபது வேளாளர் தீப்பாய்ந்ததும்தான் மக்கள் நினைவில் நிற்கின்றன. பொய்யாக அழுதால் இன்றும் நீலிக்கண்ணீர் என்கிறோம். சமண நீலியின் கதையில் கண்ணீருக்கு வேலை குறைவு. அவள் திருந்தியதன் அடையாளம் வாதம். பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைதிகர், பூதவாதி என்று ஒருவர் விடாமல் தேடிப்போய் மல்லுக்கு நிற்கிறாள். எதிராளியின் கொள்கை பல இடங்களில் குறுகித்தான் வருகிறது, காப்பியம் ஒரு கட்சிக்காரர் எழுதியதல்லவா!

அவள் வாதுக்கு அழைத்த முதல் ஆள் யார் தெரியுமா? குண்டலகேசி, அதாவது நம் பத்திரை! கணவனைக் கொன்றவளைப் பௌத்தர்கள் தங்கள் பேச்சாளர் ஆக்கினார்கள். அவளை வெல்லச் சமணர்கள் சுடுகாட்டிலிருந்து ஒரு பேயைக் கூட்டி வந்தார்கள். கறைபடாத பெண் ஒருத்தி இரண்டு தரப்பிலும் அகப்படவில்லை போலும்.

வாதில் நீலி வென்றதாகக் காப்பியம் சொல்கிறது. குண்டலகேசி நூல் காலத்தில் அழிந்து, பத்தொன்பது பாடல்களே மிஞ்சின. நீலகேசியை அ. சக்கரவர்த்தி 1936இல் 'சமய திவாகரம்' என்னும் பழைய உரையோடு பதிப்பித்தார். தமிழ்ப் பத்திரையின் கதை அந்த உரைக்குள்தான் பத்திரமாக இருந்தது. அவளைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் நீலியின் வாசலில் போய்த்தான் கேட்கிறார்கள்.