பந்தாட்டமும் தேசாபிமானமும்



அயல்நாட்டில் நடக்கும் பந்தயத்தைப் பார்க்கப் போகலாமா கூடாதா என்கிற ஒரு சிறு கேள்வியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகின்றோம். இது ஒரு பெரிய விஷயமா என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். தன் கூலியில் நாலு வருஷமாக மிச்சம் பிடித்த ஒருவன், அந்தப் பணத்தைக் கொண்டு எங்கே போவது, யாரைப் பகைவன் என்று நினைப்பது என்பதைத் தானே யோசித்து முடிவு செய்கின்றானா, அல்லது மந்திரிகளும் பத்திரிகைகளும் அவனுக்காக முடிவு செய்துவிடுகிறார்களா என்பதே இதில் அடங்கியிருக்கும் விஷயம்.

2018-ஆம் வருஷத்து உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயம் ருஷியாவில் ஜூன் 14 முதல் ஜூலை 15 வரை நடந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், மார்ச் 4-ந் தேதி, இங்கிலாந்திலுள்ள சாலிஸ்பரி என்ற ஊரில் செர்கெய் ஸ்கிரிபால் என்ற முன்னாள் ருஷிய உளவாளிக்கும் அவர் மகளுக்கும் நஞ்சு வைக்கப்பட்டது. இது ருஷிய சர்க்காரின் வேலை என்று சொல்லி பிரிட்டிஷ் சர்க்கார் 23 ருஷிய ராஜதந்திரிகளை வெளியேற்றிற்று. ருஷியாவும் பதிலுக்கு 23 பேரை வெளியேற்றிற்று. மந்திரிகளும் ராஜ குடும்பத்தாரும் பந்தயத்துக்குப் போகமாட்டார்கள் என்று பிரதம மந்திரி தெரிசா மே பார்லிமெண்டில் சொன்னார். 1936-இல் ஹிட்லர் பெர்லினில் நடத்திய ஒலிம்பிக்கைப் போன்றதே இது என்று ஒரு மெம்பர் சொன்னதை, அயல்நாட்டு மந்திரி போரிஸ் ஜான்சன் சரியென்று ஒப்புக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்டக்காரர்கள் போவதை யாரும் தடுக்கவில்லை. ராஜ குடும்பத்தார் போகாததால் அவர்களுக்கு ஒரு காசு நஷ்டமுமில்லை. டிக்கட்டுக்கும் விமானத்துக்கும் முன்பணம் கட்டிவிட்டவன்தான், "அங்கே பிரிட்டிஷார் மீது வெறுப்பு இருக்கக்கூடும், ஜாக்கிரதை" என்ற சர்க்கார் எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கிடந்தான்.

அவன் பயம் முழுவதும் கட்டுக்கதை என்று சொல்ல நாம் வரவில்லை. 2016 ஜூன் 11-ந் தேதி பிரான்சில் மார்செய் நகரத்தில் ருஷியக் குண்டர் கூட்டம் இங்கிலீஷ் ரசிகர்களை மண்டை உடையும்படி அடித்திருக்கிறது. (இங்கிலீஷ்காரர்களும் சாதுக்களல்ல, ஆட்டக் களங்களில் கலகம் செய்து தடைபெற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பாஸ்போர்ட்டுகளை அவர்கள் போலீசாரே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.) 2018 மார்ச்சில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரஞ்சு அணியின் கருப்பு நிற ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குரங்கு போல் கத்தினார்கள்; அதற்காக ருஷியக் கால்பந்துச் சங்கத்துக்கு 30,000 ஸ்விஸ் பிராங்கு அபராதம் விதிக்கப்பட்டது. ஒரே பாலாரை நேசிப்பதைப் பற்றிப் பிள்ளைகள் காதில் விழப் பேசுவதையே குற்றமாக்கும் சட்டம் அங்கே 2013 முதல் இருந்தது. இப்படி அவமதிக்கப்படக்கூடிய ஒருவனிடம் "பயப்படாமல் போய்வா" என்று சொல்ல, அந்த அவமானத்துக்கு ஆளாகாத நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நிற்க. மார்செயில் அடித்தது ஒரு கும்பல். நஞ்சு வைத்ததாகச் சொல்லப்படுவது ஒரு சர்க்கார். வோல்காகிராடில் கடை வைத்து ரொட்டி விற்கிறவன் இந்த இரண்டிலும் சேர்ந்தவனல்லவே! அவனையும் சேர்த்து "ருஷியன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது எந்த அறிவைச் சேர்ந்தது? பிறந்த ஜாதியைக் கொண்டு ஒருவனை இன்னான் என்று முடிவு கட்டுவதற்கும், பிறந்த நாட்டைக் கொண்டு முடிவு கட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அந்த வோல்காகிராடில்தான் ஜூன் 18-ந் தேதி இங்கிலாந்தின் முதல் ஆட்டம். அவ்வூரின் பழைய பெயர் ஸ்டாலின்கிராட். ஹிட்லர் படையை அங்கே முறியடித்ததற்காக, 1943-இல் இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜ் அவ்வூர் ஜனங்களுக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பினார். அது அங்குள்ள காட்சிச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 75 வருஷத்துக்குள் வீரர்கள் பகைவர்களாகி விட்டார்கள்! துணிந்து போன இங்கிலீஷ் ரசிகர்களை அவ்வூரில் தாக்கியது யாரென்றால், ஆற்றோரத்துப் பூச்சிக் கூட்டம்தான். மார்செயில் நடந்தது போன்ற அடிதடி அந்த ஒரு மாதத்தில் நடக்கவில்லை. ஜூலை 11-ந் தேதி மாஸ்கோவில் குரோஷியாவோடு அரை இறுதி ஆட்டம் என்று ஆனதும், பயந்து வீட்டிலிருந்தவர்களில் பலர் விமான டிக்கட்டுக்கு அலைந்தார்கள்.

இன்னொன்று. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் காட்சிச்சாலையில் காது கேளாத ஒரு பூனையை வைத்து, எந்த அணி ஜெயிக்கும் என்று குறி கேட்டார்கள். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நம்மவர்கள் இதைக் கேட்டு ஆறுதலடையலாம்!

போனவர்களின் சந்தோஷத்தை ருஷிய சர்க்கார் தனக்கு விளம்பரமாக்கிக் கொண்டதும் உண்மை. விசா இல்லாமல் உள்ளே விட்டார்கள். ஆட்டம் நடக்கும் ஊர்களுக்கு ரயில் இனாம். ஆனால் இறுதி ஆட்டத்தின்போது அரசியல் கைதிகளுக்காகக் களத்துக்குள் ஓடிய நால்வருக்குக் கிடைத்தது 15 நாள் காவல். 2022 பிப்ரவரியில் அந்தச் சர்க்கார் உக்ரேன் மீது பெரும்படை கொண்டு பாய்ந்த பிறகே, உலகக் கால்பந்துச் சங்கம் ருஷிய அணிகளை விலக்கிற்று. ருஷியாவுக்குப் பந்தயத்தைக் கொடுக்க 2010-இல் தீர்மானித்ததும் அதே சங்கம்தான். கோயில் வரும்படியைப் பங்கு போடுகிறவனை விட்டுவிட்டுத் தேங்காய் வாங்கிப் போகிறவனை மட்டும் வைவது நியாயமாகாது. அவனுக்கும் புத்தி சொல்ல வேண்டியதுதான்; ஆனால் முதல் கேள்வி பங்கு போடுகிறவனிடம் கேட்க வேண்டியது.

ஈரான் பெண்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் நாட்டில், மதத்தின் பேரால், ஆண்கள் ஆடும் பந்தாட்டத்தைக் களத்தில் உட்கார்ந்து பார்க்கப் பெண்களை ஏறக்குறைய நாற்பது வருஷமாக விடவில்லை. தன் நாட்டு அணியின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு பெண் அயல்நாடு போகவேண்டியிருந்தது! 2018-இல் அவர்கள் ருஷியாவில் ஆண்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள். தடையை எடு என்று துணியில் எழுதிப் பிடித்தார்கள். ஜூன் 20-ந் தேதி ஸ்பெயினோடு நடந்த ஆட்டத்தைத் திரையில் பார்க்க, டெஹ்ரான் ஆசாதி மைதானத்தில் பெண்களையும் விட்டார்கள். 2019 அக்டோபர் 10-ந் தேதி கம்போடியாவை ஈரான் 14-0 என்று ஜெயித்தபோது, பெண்கள் டிக்கட் வாங்கி அதே மைதானத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய டிக்கட்டுகள் சுமார் 3,500. அந்த மைதானமோ எழுபதினாயிரம் பேருக்கு மேல் கொள்ளும்.